மாங்காய் சென்ற கடல்வழி

பினாங்குத் தீவின் தலைநகராகிய ஜார்ஜ்டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை நீளமான சாலையன்று. வடமுனையிலிருந்து நடக்கத் தொடங்கும் ஒருவர் சிறிது நேரத்திலேயே தென்முனையை எட்டிவிடலாம். ஆயினும் அச்சிறு நடையில் அவர் காணும் வரலாறு சிறிதன்று. தொடக்கத்தில் 1818இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயம். அடுத்துச் சீனர் வணங்கும் கருணைத் தேவியின் ஆலயம். பின்புறச் சுவரால் இச்சாலையைத் தொட்டு நிற்கும், 1833இல் தோன்றிய குயின் தெரு மகாமாரியம்மன் கோயில். அதன்பின் தமிழ் முசுலிம்களின் பெரும் பள்ளிவாசல். ஒரே சாலையில் நான்கு சமயத்தாரும் நெருங்கி வழிபடுவதை நாட்டுக்கு நாடு எழுதுவோர் வியந்து எழுதுவர். வழிபாட்டிடங்கள் மட்டுமா நெருங்கி நிற்கின்றன? அவ்வழிபாட்டாரின் அடுப்புகளும் அங்கே நெருங்கியே எரிந்தன. கோயில்களைப் பற்றி எழுதப்பட்டவை பல. அடுப்புகளைப் பற்றி எழுதப்பட்டவை சில.

அடுப்பின் வரலாறு எளிதில் அழியக்கூடியது. கல்வெட்டு நிலைக்கும், குழம்பு நிலைக்காது. எனினும் குழம்பிலிட்ட காயின் பெயர் சில வேளைகளில் கல்வெட்டைக் காட்டிலும் நெடுநாள் நிற்கும். பிலிப்பைன்சு நாட்டின் புளிப்புச் சாறு ஒன்று அவ்வுண்மையை நன்கு விளக்குகின்றது.

சினிகாங் என்னும் சாறு

பிலிப்பைன்சு மக்கள் நாள்தோறும் விரும்பி உண்ணும் உணவுகளுள் சினிகாங் தலையாயது. தகாலோக் மொழியில் நீரிலிட்டு வேகவைத்தலைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது இப்பெயர். மீன், இறால், மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி ஆகிய எதனைக் கொண்டும் இதனை ஆக்கலாம். ஆக்கும் பொருள் எதுவாயினும் புளிப்பு இன்றியமையாதது. அப்புளிப்பை அவர்கள் ஒரே பொருளினின்று பெறுவதில்லை. புளியங்காய், பிலிம்பிக்காய், கொய்யா, சாந்தோல் பழம், சிற்றெலுமிச்சை, மாங்காய் என்று அந்தந்த வட்டாரத்தில், அந்தந்தப் பருவத்தில் எது காய்க்கின்றதோ அதனையே இடுவர்.

மாங்காய்ப் பருவத்தில் பன்றியிறைச்சிச் சினிகாங் ஆக்கும் முறை வருமாறு: ஒரு கிலோ அளவுக்கு எலும்போடும் கொழுப்போடும் கூடிய இறைச்சியை எடுத்து, அரிசி களைந்த இரண்டாம் நீரில் வெங்காயமும் தக்காளியும் சேர்த்து அடுப்பிலேற்றுவர். கொதி வரும்போது மேலெழும் நுரையை அகற்றிவிட்டுச் சிறுதீயில் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் வேகவிடுவர். நன்கு முற்றிய, ஆனால் பழுக்காத மாங்காய் மூன்றைத் தோல்சீவித் துண்டுகளாக்கி அதே நீரில் வேகவைத்து, மசித்து, நார் நீக்கி வைத்துக்கொள்வர். இறைச்சி மென்மையான பிறகே சேப்பங்கிழங்கும் முள்ளங்கியும் இடுவர். சேப்பங்கிழங்கு கரைந்து சாற்றுக்குச் சற்றே கொழுமை தரும். அதன்பின் பயற்றங்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய், நீண்ட பச்சை மிளகாய் ஆகியவற்றை இட்டு, மசித்த மாங்காயைக் கலப்பர். இறுதியாகக் கங்கோங் எனப்படும் வள்ளைக்கீரையைப் போட்டு உடனே இறக்குவர். உப்புக்கு ஈடாக மீன்சாறு சேர்ப்பர். சுடுசோற்றின் மேல் இச்சாற்றை ஊற்றி உண்பதே வழக்கம்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. ஒன்று, அரிசி களைந்த நீர். சாற்றுக்கு அது மெல்லிய தடிப்பையும் மணத்தையும் தருகின்றது. மற்றொன்று, புளிப்பைப் பிற்பகுதியில் சேர்க்கும் ஒழுங்கு. புளிப்பு மிகுந்த நீரில் காய்கறிகள் எளிதில் மென்மையாவதில்லை. காயின் உயிரணுச் சுவர்களைப் பிணைக்கும் பொருள் புளிப்பில் கரையாது இறுகி நிற்பதே அதற்குக் காரணம். தமிழ்ப் பெண்கள் வேதியியல் பயிலாமலே இதனை அறிந்திருந்தனர். பருப்பு வெந்த பின்னரே புளி ஊற்ற வேண்டும் என்பதைத் தாய் மகளுக்குச் சொல்லாத வீடு தமிழகத்தில் இல்லை எனலாம். சேப்பங்கிழங்கு நாவையும் தொண்டையையும் அரிக்காமலிருக்கப் புளி சேர்க்க வேண்டும் என்பதும் இரு நாட்டு அடுப்புகளுக்கும் பொதுவான அறிவேயாகும்.

இவ்வாறு நோக்குங்கால், செட்டிநாட்டு மண்டி ஒருவரது நினைவுக்கு வராமற் போகாது. அரிசி களைந்த நீரில் புளியைக் கரைத்து, வெண்டைக்காயும் மாங்காயும் பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் இட்டு ஆக்கப்படுவதே மண்டி. அதற்கும் சினிகாங்குக்கும் இறைச்சி ஒன்றே பெரும் வேறுபாடு. செட்டிநாட்டு வணிகர் பினாங்கில் வட்டித்தொழில் நடத்திய பினாங்குத் தெரு, பள்ளிவாசல் சாலைக்கு மிக அணித்தாகவே உள்ளது. மணிலாவின் அடுக்களைக்கும் காரைக்குடியின் அடுக்களைக்கும் இடையே யாரும் தூது சென்றதில்லை. அரிசி உண்ணும் வெப்பநாட்டு மக்கள் இருவேறு இடங்களில் தாமாகவே ஒரே முடிவுக்கு வந்துள்ளனர். இத்தகைய ஒற்றுமையை உறவு என்று கொள்ளுதல் பிழை. ஆனால் அச்சாற்றில் மிதக்கும் ஒரு காயின் பெயர் அவ்வாறன்று. அது உண்மையான உறவுக்குச் சான்று.

காயின் பெயர்

மாங்காயைப் பிலிப்பைன்சு மக்கள் மங்கா என்பர். மலாய்க்காரரும் அதனையே கூறுவர். இச்சொல் தமிழின் மாங்காய் என்பதினின்று மலாய்மொழி சென்று, அங்கிருந்து தகாலோக்கை அடைந்தது என்பது சொல்லாய்வாளர் ஏற்றுக்கொண்ட முடிவு. 1498இல் கோழிக்கோட்டுக் கரையில் வந்திறங்கிய போர்த்துகீசியர் அக்கரையில் மாங்ங என்று வழங்கியதை மங்கா என எடுத்துச் சென்றனர். அதுவே ஐரோப்பிய மொழிகளிலெல்லாம் பரவி ஆங்கிலத்தில் மேங்கோ ஆயிற்று. மா என்பது மரத்தின் பெயர். காய் என்பது பழுக்காத நிலை. இனிய பழத்தைக் கையில் ஏந்திக்கொண்டு உலகத்தார் பலரும் அதனைக் காய் என்றே அழைக்கின்றனர். உலகம் கற்றுக்கொண்டது இனிப்பின் பெயரையன்று, புளிப்பின் பெயரையே.

பழத்தின் பெயர் கடல் கடக்கவில்லையா என்று கேட்கலாம். அதுவும் கடந்தது. மலாய்மொழியில் மெம்பெலாம் என்றொரு சொல் உண்டு. வடமாநிலங்களில் பேச்சுவழக்கில் பெலாம் என்றும் கூறுவர். அது மாம்பழம் என்பதன் திரிபு. ஆக, மலாய்மொழி காயையும் பழத்தையும் தனித்தனியே தமிழினின்று பெற்றது. இவற்றுள் காயின் பெயரே மேலும் கிழக்கே சென்று மணிலாவில் நிலைத்தது. மணிலாவிலிருந்து எசுப்பானியக் கப்பல்கள் 1565 முதல் 1815 வரை பசிபிக் மாகடலைக் கடந்து மெக்சிகோவின் அகபுல்கோ துறைக்குச் சென்று வந்தன. இன்றும் மெக்சிகோவில் ஒருவகை மாம்பழத்திற்கு மணிலா மாம்பழம் என்றே பெயர்.

இதனைக் கொண்டு மாமரத்தையே தமிழர்தாம் அந்நாட்டார்க்கு அறிமுகம் செய்தனர் என்று முடிவு கட்டிவிடலாகாது. மலாய் மண்ணுக்கே உரிய மாவினங்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று பௌ. எதிர்க்கரையிலுள்ள பெர்மாத்தாங் பௌ என்னும் ஊர் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது. பிலிப்பைன்சிலும் பாகோ என்னும் சிறுமாங்காய் உண்டு. பௌவும் பாகோவும் ஒரே மூலச்சொல்லின் கிளைகள். புளிப்பைக் குறிக்கும் தகாலோக் சொல் ஆசிம். மலாய்ச் சொல் ஆசாம். இவையும் உடன்பிறப்புகளே. எனவே புளிப்பும் அதற்குரிய சொல்லும் அவர்களுடையவை. புதிதாக வந்த ஓரினக் காய்க்கு மட்டும், அதனைக் கொண்டுவந்தோர் இட்ட பெயரை அவர்கள் ஏற்றனர். எந்த ஊர்ச் சந்தையிலும் பொருள் விற்பவன் சொல்லும் பெயரே நிலைப்பது இயல்பு. அன்று விற்றவர் நாவில் தமிழ் இருந்தது. சொல் தரும் சான்று இவ்வளவே. இவ்வளவும் சிறிதன்று.

அவ்வணிகர் யாவர் என்பதற்குக் கல்லிலும் சான்று உண்டு. சுமாத்திராவின் பாரூசு என்னுமிடத்தில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைக் குறிப்பிடுகின்றது. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த அதனினும் பழைய தமிழ்க் கல்வெட்டு மணிக்கிராமத்தாரைக் குறிப்பிடுகின்றது. இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் படையெடுத்த கடாரம், பினாங்கின் எதிர்க்கரையில் வடக்கே உள்ள கெடா மாநிலமே. இவற்றையெல்லாம் நோக்குமிடத்து, மாங்காய் என்னும் சொல் பயணம் செய்த வழியில் தமிழ்க்கப்பல் சென்றதில் ஐயம் இல்லை. மலாய்மொழியில் கப்பல் காப்பால் ஆனதும், பெட்டி பெத்தி ஆனதும், கடை கெடாய் ஆனதும், முதல் மோடால் ஆனதும் அவ்வணிகத்தின் எச்சங்களே.

சென்னையும் மணிலாவும்

மாங்காய் மலாய்நாட்டின் வழியே மணிலா சென்றது போக, தமிழகத்திலிருந்து நேரே மணிலாவுக்குச் சென்ற வழியும் ஒன்று இருந்தது. சோழமண்டலக் கரையில் நெய்த துணிக்கு மணிலாவில் பெரும் வேட்கை இருந்தது. எசுப்பானியர் தம் துறைமுகத்தில் ஆங்கிலக் கொடியை அனுமதிக்கவில்லை. ஆதலின் ஆங்கிலேயர் ஆர்மீனியர் பெயராலும் இந்திய வணிகர் பெயராலும் கப்பல்களை அனுப்பினர். மணிலா வணிகத்தில் பொருளீட்டிய ஆர்மீனியருள் கோசா பெத்ரசு உசுக்கான் என்பார் சென்னையில் குடியமர்ந்தார். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் அமைத்தவர் அவரே. இன்று அவ்விடத்தில் மறைமலையடிகள் பாலம் நிற்கின்றது. பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவரும் அவரே. பினாங்கிலும் பள்ளிவாசல் சாலையைத் தொடும் தெருக்களுள் ஒன்றுக்கு ஆர்மீனியர் தெரு என்பது பெயர். சென்னை, பினாங்கு, மணிலா ஆகிய மூன்றும் ஒரே வணிகக் கயிற்றில் கோத்த மணிகள் என்பது இதனால் விளங்கும்.

வணிகத்தைத் தொடர்ந்து போர் வந்தது. 1762ஆம் ஆண்டு ஆகத்து மாதம் சென்னையிலிருந்து ஆங்கிலக் கடற்படை ஒன்று மணிலாவை நோக்கிப் புறப்பட்டது. வில்லியம் திரேப்பர் தரைப்படைக்கும், சாமுவேல் கார்னிசு கடற்படைக்கும் தலைமை தாங்கினர். அதில் சென்னையில் திரட்டிய சிப்பாய்களும் இருந்தனர். அக்டோபர் தொடக்கத்தில் மணிலா வீழ்ந்தது. 1764இல் ஆங்கிலேயர் நகரை எசுப்பானியரிடம் திருப்பித் தந்துவிட்டு வெளியேறினர். சிப்பாய்கள் எல்லாரும் திரும்பவில்லை. ஒரு பகுதியினர் மணிலாவுக்குக் கிழக்கேயுள்ள காயிந்தா என்னும் ஊரில் தங்கி, அவ்வூர்ப் பெண்களை மணந்து, அம்மக்களோடு கலந்துவிட்டனர். அவர் வழித்தோன்றல்கள் அவ்வூரில் இன்றும் உள்ளனர். அப்படையில் தென்னாட்டார் பலரும் கலந்திருந்தமையால், அவர்களனைவரையும் தமிழர் என்று அறுதியிட்டுக் கூறலாகாது. கரே-கரே என்னும் பிலிப்பைன்சுக் குழம்பு அவர்கள் விட்டுச் சென்ற கறியின் நினைவே என்று அந்நாட்டார் சிலர் கூறுவர். அது செவிவழிச் செய்தியே. ஆயினும் ஊர் திரும்பாத படைவீரன் தன் நாவின் நினைவைக் கொண்டு அயல்நாட்டுப் பானையில் தன்னூர்க் குழம்பைத் தேடியிருப்பான் என்பது நம்பக்கூடாததன்று.

மணிலா தந்த கைம்மாறு

கொடுத்தவர் பெறாமலும் இருக்கவில்லை. அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் பல எசுப்பானியக் கப்பல்களில் மணிலாவுக்கு வந்து, அங்கிருந்து கீழ்த்திசை நாடுகளுக்குப் பரவின. நிலக்கடலையைத் தென்னார்க்காட்டு மக்கள் மணிலாக்கொட்டை என்பர். பேச்சில் அது மல்லாட்டை என மருவியது. உழவர் வீட்டுக் குழந்தை மல்லாட்டை தின்னும்போதெல்லாம் தன்னையறியாமல் பிலிப்பைன்சுத் தலைநகரின் பெயரை உச்சரிக்கின்றது.

கொடுக்காப்புளியின் வரலாறும் இத்தகையதே. சுருண்ட காயும் வெண்சிவப்புச் சதையும் கொண்ட அம்மரத்தைத் தமிழக நாட்டுப்புறத்திற்கே உரிய பழைய மரம் என்று பலரும் எண்ணுவர். உண்மையில் அது மெக்சிகோ நாட்டு மரம். மணிலா வழியாக வந்தது. ஆங்கிலத்தில் அதற்கு மணிலாப் புளி என்றே பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைத் தாவரங்களை ஆராய்ந்து எழுதிய ராக்சுபர்க்கு தம் நூலில் இம்மரத்தைச் சேர்த்துள்ளார். மிக இயல்பாகத் தமிழரோடு ஒன்றிவிட்ட இம்மரத்திற்குத் தமிழர் தம் புளியின் பெயரையே இட்டனர். மணிலாக்காரர் மாங்காயைத் தம்முடையதாக்கிக்கொண்டதும், தமிழர் கொடுக்காப்புளியைத் தம்முடையதாக்கிக்கொண்டதும் ஒரே தன்மையவை.

புளியமரமே தமிழ்மண்ணில் தோன்றியதன்று என்று அறிஞர் கூறுவர். ஆப்பிரிக்காவே அதன் பிறப்பிடம். எனினும் மிகப் பழங்காலத்திலேயே அது இந்தியாவுக்கு வந்துவிட்டது. அராபியர் அதனை இந்தியாவில் கண்டு இந்தியப் பேரீச்சை என்னும் பொருள்பட தமரிந்தி என்றழைத்தனர். இவ்வாறு விருந்தினராக வந்து வீட்டாராக மாறிய மரங்களின் நிழலிலேதான் தமிழர் சமையல் வளர்ந்திருக்கின்றது.

பள்ளிவாசல் சாலையின் அடுப்புகள்

பினாங்கின் வரலாற்றில் இவ்வழிகள் யாவும் ஒன்று கூடுகின்றன. 1786ஆம் ஆண்டு ஆகத்து 11ஆம் நாள் பிரான்சிசு லைட் இத்தீவை ஆங்கிலக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டார். அக்காலத்து இங்கிலாந்துத் தலைமையமைச்சர் வில்லியம் பிட்டின் பெயரால் இச்சாலை பிட் தெரு எனப்பட்டது. 1790களில் லைட் எழுதிய குறிப்பொன்று, சோழமண்டலக் கரைக் கப்பல்கள் ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை ஏற்றிவந்தன என்றும், அவர்கள் வணிகத்தாலும் உழைப்பாலும் சிறிது பொருளீட்டிக்கொண்டு ஊர் திரும்பினர் என்றும் கூறுகின்றது. அவர்களுள் ஒரு பகுதியினர் ஏற்கெனவே கெடாவில் குடியிருந்தவர் என்பதும் அக்குறிப்பினால் தெரிகின்றது. ஆங்கிலேயர் வந்தபின் தமிழர் வந்தனர் என்னும் கருத்து முழு உண்மையன்று என்பதற்கு இதுவே போதும்.

அச்சமூகத்தின் தலைவராகிய கப்பித்தான் கெலிங் காதர் முகைதீன் அவர்களின் காலத்தில், 1801ஆம் ஆண்டு ஆளுநர் ஜார்ஜ் லீத் 18 ஏக்கர் நிலம் வழங்க, பள்ளிவாசல் எழுந்தது. கெலிங் என்பது கலிங்கத்தின் பெயரடியாகப் பிறந்து, தென்னிந்தியரைக் குறிக்க அக்காலத்தில் வழங்கிய சொல். பிற்காலத்தில் அது இழிவுப் பொருளும் ஏற்றது. ஆனால் இச்சாலையின் பெயரில் அது தன் பழைய மதிப்போடே நிற்கின்றது.

துறைமுகத்தில் மூட்டை சுமந்த தொழிலாளர்க்குத் தமிழ் முசுலிம்கள் தோளில் காவடி போலத் தண்டு வைத்து, ஒருபுறம் சோறும் மறுபுறம் குழம்பும் சுமந்து சென்று விற்றனர். தோளில் சுமத்தலை மலாய்மொழியில் கண்டார் என்பர். அவ்வுணவு நாசி கண்டார் ஆயிற்று. இன்று பள்ளிவாசலை ஒட்டி இரவில் திறக்கும் கடையில் மக்கள் நீண்ட வரிசையில் நின்று அதனை வாங்குகின்றனர். வரிசையில் நிற்றலைக் குறிக்கும் பெராத்தூர் என்னும் மலாய்ச் சொல்லே அக்கடைக்குப் பெயராகவும் அமைந்துவிட்டது. அக்குழம்புகளில் மீன்குழம்பின் உயிர் புளியே. மீனின் கவிச்சைக்குக் காரணமான பொருளைப் புளிப்பு கட்டுப்படுத்துகின்றது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் புளிக்குழம்பு மறுநாளும் கெடாமல் நின்றது. வெயிலில் உழைத்தவனுக்குப் பசியை எழுப்பியதும் அதுவே.

இதே நகரின் புகழ்பெற்ற மற்றோர் உணவாகிய அசாம் லக்சாவும் புளிப்பினால் ஆகியதே. கெம்போங் மீனை வேகவைத்து உதிர்த்து, புளிக்கரைசலும் உலர்ந்த ஆசாம் குளுகோர் வில்லைகளும் கெசும் இலையும் காந்தான் பூவும் இட்டு அச்சாற்றை ஆக்குவர். குளுகோர் என்பது கொடம்புளியின் இனத்தைச் சேர்ந்த மரம். பினாங்கிலுள்ள குளுகோர் என்னும் ஊர் அம்மரத்தால் பெயர் பெற்றது. நெல்லி இனத்து மரமாகிய மெலாக்காவின் பெயரையே மலாக்கா நகர் பெற்றது என்பது வழிவழிச் செய்தி. புளிப்பு மரங்களின் பெயரால் ஊர்கள் வழங்கும் நாடு இது. கிளந்தான், திரெங்கானு மாநிலங்களில் ஆசாம் வில்லை இட்டு ஆக்கும் மீன்சாற்றுக்குச் சிங்காங் என்பது பெயர். சினிகாங்குக்கு உணவாலும் பெயராலும் நெருங்கிய உறவினர் மலேசியாவில் அதுவே.

வீட்டுக்கு வீடு வேறு இறைச்சி

பன்றியிறைச்சிச் சாறு பள்ளிவாசல் சாலையில் எல்லாருக்கும் உரிய உணவாக இருத்தல் இயலாது. முசுலிம்களுக்கு அது விலக்கு. இந்துக்கள் பலரும் அதனை உண்பதில்லை. சில நூறு அடி தொலைவில் சீனருக்கோ அது விருந்தின் முதற்பொருள். ஒருவர் விலக்கியதை மற்றவர் உண்ண, இருவரும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே சாலையில் வாழ்ந்துள்ளனர்.

இந்நிலை தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையைப் பயின்றவர் இதனை அறிவர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்நூலில் பாணனை வழிப்படுத்தும்போது, ஒவ்வொரு நிலத்திலும் அவனுக்குக் கிடைக்கும் உணவைக் கூறிச் செல்கின்றார். அந்தணர் வீட்டில் அவனுக்கு மணமுள்ள மாவடு ஊறுகாய் கிடைக்கின்றது. அடுத்துக் கடற்கரைப் பட்டினத்தை அடைந்தால், நெல்மாவு ஊட்டிப் பல நாள் குழியில் நிறுத்தி வளர்த்த பன்றியின் கொழுப்பு நிறைந்த இறைச்சி கிடைக்கின்றது. ஒரே நூலில் மாங்காயும் உண்டு, பன்றியிறைச்சியும் உண்டு. இரண்டும் வெவ்வேறு வீடுகளில் இருக்கின்றன. புலவர் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தவில்லை. இரண்டையும் விருந்து என்றே மதிக்கின்றார். மணிலாவில் ஒரே பானையில் கூடியவை, தமிழ்த் துறைமுகத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தன. பினாங்குச் சாலையிலும் அவ்வாறே.

புளிப்பைக் குறித்த வேறொரு சங்கக் காட்சியும் நினைக்கத்தக்கது. குறுந்தொகையின் 167ஆம் பாட்டில், புதுமணப்பெண் தயிரைப் பிசைந்த கையோடு, தாளிப்புப் புகை கண்ணில் படத் தானே புளிக்குழம்பு ஆக்குகின்றாள். கணவன் இனிது என்று உண்கின்றான். அவள் முகம் மகிழ்கின்றது. பாடியவர் கூடலூர் கிழார். புளித்ததை இனிதாக்குவது உண்பவனின் அன்பு என்பது அக்காட்சியின் உட்பொருள்.

உரிமையும் உறவும்

இக்காலத்தில் உணவைக் குறித்து நாடுகளுக்குள் வழக்கு மிகுந்துள்ளது. இது எங்களுடையது, அது உங்களுடையதன்று என்னும் பேச்சு எங்கும் கேட்கின்றது. தமிழரிடையேயும் அயல்நாட்டில் ஒரு தமிழ்ச்சொல்லைக் கண்டவுடன் அந்நாட்டுப் பண்பாடு முழுவதும் தமிழே என்று முழங்குவோர் உளர். பிலிப்பைன்சின் செபுத் தீவை ஆண்டவர் சோழ இளவரசர் வழியினர் என்னும் கதையும் அவ்வாறு பரப்பப்படுகின்றது. அதற்குக் கல்வெட்டோ சமகாலச் சான்றோ இல்லை. இத்தகைய மிகையுரை தமிழுக்குப் பெருமை சேர்ப்பதன்று. பொய்ச்சான்றை நம்பிய பிள்ளை, அது பொய்யென வெளிப்படும் நாளில் மெய்ச்சான்றையும் ஐயுறுவான். இழப்பு அப்போது தமிழுக்கே.

மறுபுறம், தமிழர் இந்நாட்டிற்குக் காடழிக்கவும் பால்மரம் சீவவும் மட்டுமே கொண்டுவரப்பட்டவர் என்னும் எண்ணமும் வேரூன்றிவிட்டது. தோட்டத் தொழிலாளரின் உழைப்பு போற்றத்தக்கது. அதனை மறைத்தல் நன்றிகொன்ற செயல். ஆனால் அதுவே முழு வரலாறு என்று கொள்வதும் குறையே. சந்தையில் மங்கா என்றும் மெம்பெலாம் என்றும் விலை கேட்கும் ஒவ்வொருவரும், இரப்பர்க் காலத்திற்குப் பன்னெடுங்காலம் முன்பே இக்கடலில் தமிழர் வணிகராக வந்ததற்குச் சாட்சி சொல்கின்றனர். மிகைக்கும் குறைக்கும் நடுவே நிற்கும் இவ்வுண்மையே பிள்ளைகளுக்குத் தரத்தக்கது.

பிலிப்பைன்சு உணவு ஆராய்ச்சியாளர் தோரின் பெர்னாண்டசு அம்மையார், தம் மக்களின் சுவையை மிகச் சிறப்பாகக் காட்டும் உணவு சினிகாங்கே என்று எழுதினார். தம் மண்ணில் காய்ப்பதைத் தம் சட்டியில் இட்டு ஆக்கிய உணவு அது. அக்கருத்தில் தமிழருக்கு மறுப்பில்லை. சாறு அவர்களுடையது, அதில் ஒரு காயின் பெயர் மட்டும் தமிழ். அப்பெயர் உரிமைப் பத்திரம் அன்று, உறவுக் கடிதம்.

இன்று

2008ஆம் ஆண்டு ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நகராக அறிவிக்கப்பட்டது. 2024இல் மலேசியரின் பலவினக் காலைப் பசியாறல் மரபும் யுனெசுகோவின் பட்டியலில் இடம்பெற்றது. கட்டடங்கள் காக்கப்படுகின்றன, வண்ணம் பூசப்படுகின்றன. ஆனால் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் பாதுகாப்பு முடிவுற்றபோது, பழைய குடும்பங்கள் பல உள்நகரைவிட்டு வெளியேறின. வீடு நிற்கின்றது, அடுப்பு இடம்பெயர்ந்துவிட்டது. 1926 முதல் சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் பினாங்குக்குமிடையே ஓடிய ரஜூலா கப்பலும் 1973இல் ஓய்ந்தது. மணிலாவில் புளிப்புத்தூள் பொட்டலம் மாங்காயின் இடத்தைப் பிடிக்க, மலேசியத் தமிழர் வீட்டில் புட்டியில் அடைத்த புளிச்சாறு புளிக்கரைசலின் இடத்தைப் பிடித்தது. பொட்டலம் நேரத்தை மிச்சப்படுத்துகின்றது என்பது உண்மையே. ஆயினும் எந்தக் காய் எந்தப் பருவத்தில் எவ்வளவு புளிக்கும் என்னும் அறிவு பொட்டலத்தில் இல்லை. அது நாவிலிருந்து நாவுக்குச் சென்றது. ஒரு தலைமுறை தவறினாலும் மீள்வது அரிது.

பிலிப்பைன்சிலிருந்து பெண்கள் பலர் இன்று மலேசிய இல்லங்களில் பணிபுரிகின்றனர். தமிழ்ப் பெண்மணி ஒருவர் சந்தையிலிருந்து வாங்கி வந்த காயைக் காட்டி மாங்காய் என்றால், அப்பெண் மங்கா என்பாள். இருவரும் வியப்புறத் தேவையில்லை. அச்சொல்லைத் தமிழ்க்கப்பல் ஒன்று பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வழியே கொண்டு சென்றது. இந்த ஒரு செய்தியைத் தமிழ்ப்பள்ளி மாணவர் தம் வீட்டு அடுக்களையிலேயே கற்றுக்கொள்ளலாம். குழம்புக்கு மாங்காய் நறுக்கும் தாயின் அருகில் அமர்ந்து அக்காயின் பெயர் சென்ற ஊர்களை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அடுத்தடுத்து எரிந்த அடுப்புகள் சொல்லித் தருவதும் அதுவே. தன் சுவையை விடாமல் காத்துக்கொண்டே பிறர் சுவையை மதித்து வாழ இயலும்.